சகோதரர் தோட்டம்

சிறிய சபைகளின் பெரிய பயணங்கள் – 9

1760ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி. ஐரோப்பாவிலிருந்து வந்த 14 பேர் தரங்கம்பாடியில் கரையேறினார்கள். கல்லூரியில் இறையியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. கைத்தொழில் செய்து பிழைப்பவர்கள், செய்துகொண்டே ஊழியம் பார்ப்பவர்கள். ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரைத் தாய்வீடாகக் கொண்ட மொராவிய சகோதர சபையைச் சேர்ந்தவர்கள். தலைவர் ஸ்டால்மன். அவர்கள் போக வேண்டிய இடம் தரங்கம்பாடியும் அல்ல. வங்கக் கடலைத் தாண்டி, நிக்கோபார்.

கரையேறிய அந்த நாளில் அவர்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று இருந்தது. அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது, மே 9ஆம் தேதி, சபையின் தந்தையாகவே அவர்கள் மதித்த சின்சென்டார்ஃப் பிரபு ஹெர்ன்ஹூட்டில் கண்மூடிவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு மரணச் செய்தி கடல் தாண்டி வர மாதக்கணக்கில் ஆகும். இல்லாத ஒருவருக்காக எத்தனை நாள் அவர்கள் ஜெபித்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஹெர்ன்ஹூட் பிறந்த கதையைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். 1415இல் எரிக்கப்பட்ட யான் ஹஸ்ஸின் வழிவந்தவர்கள் 1457இல் பொஹீமியாவின் குன்வால்டில் கூடித் தொடங்கிய சபை. பின்னர் அடிமேல் அடி வாங்கி, ஏறக்குறைய அழிந்தே போன சபை. மொராவியாவிலிருந்து எல்லை தாண்டி ஓடிவந்த சில குடும்பங்களுக்கு சாக்ஸனியில் தன் நிலத்தைக் கொடுத்தவர் சின்சென்டார்ஃப். 1722 ஜூன் 17இல் தச்சர் கிறிஸ்டியன் டேவிட் முதல் மரத்தை வெட்டினார். 1727 ஆகஸ்ட் 13இல், ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொண்டிருந்த அந்தக் குடியிருப்பு ஒரு திருவிருந்து ஆராதனையில் மனம் கலந்து ஒன்றானது. அந்த மாதமே தொடங்கிய ஜெபச் சங்கிலி, ஆள் மாற்றி ஆள், இரவும் பகலும் நூறு ஆண்டுகளுக்கு நீண்டது.

இந்தச் சபை உலகெங்கும் ஆள் அனுப்பத் தொடங்கிய கதைக்கு நம் ஊரில் ஒரு வேர் இருக்கிறது. நான் இந்தப் பகுதியை எழுத ஆசைப்பட்டதே அதற்காகத்தான்.

1710இல் பத்து வயதுச் சிறுவனாக சின்சென்டார்ஃப் ஹாலே நகரிலிருந்த பிராங்கேயின் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பிரபு வீட்டுப் பிள்ளை என்பதால் பிராங்கேயின் வீட்டு மேசையிலேயே அவருக்குச் சாப்பாடு. அப்போது ஹாலேயில் எல்லாரும் பேசிய ஊர் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9இல் அங்கே இறங்கிய மிஷனரிகளான சீகன்பால்கும் புளூச்சோவும் எழுதிய கடிதங்கள் ஹாலேக்குத்தான் வந்தன, அங்கேதான் அச்சாயின. சிறுவன் அந்த மேசையில் உட்கார்ந்து தமிழ்நாட்டுச் செய்திகளைக் கேட்டான். விடுமுறையில் ஐரோப்பா வந்த மிஷனரிகளை நேரிலும் கண்டான். தொலைதேச ஊழியத்தின் மேல் முதன்முதலாகத் தனக்கு ஆசை உண்டானது அங்கேதான் என்று பெரியவரான பின் அவரே சொல்லியிருக்கிறார்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து அந்த ஆசை முளைவிட்டது. 1731இல் டென்மார்க் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காகக் கோபன்ஹேகன் போன சின்சென்டார்ஃப், மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமஸிலிருந்து கொண்டுவரப்பட்ட அன்டன் என்ற கறுப்பினத்தவரைச் சந்தித்தார். தீவில் அடிமைப்பட்டுக் கிடக்கும் தன் மக்களுக்கு நற்செய்தி சொல்ல ஆளில்லை என்று அன்டன் சொன்னார். மறு ஆண்டே, குயவரான லியோனார்ட் டோபரும் தச்சரான டேவிட் நிட்ச்மனும் அந்தத் தீவுக்குக் கிளம்பினார்கள். 1733இல் கிரீன்லாந்து. அப்போது ஹெர்ன்ஹூட்டின் மொத்த மக்கள் தொகை சில நூறுதான். ஒரு சிற்றூர், தன் பிள்ளைகளைப் பனிக்கும் வெயிலுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தது.

அந்தப் பயணங்கள் எல்லாமே பெருமைக்குரியவை என்று எழுதிவிட என் மனம் ஒப்பவில்லை. அடிமைகளைத் தேடிப் போன அதே சபை, சில ஆண்டுகளில் செயின்ட் தாமஸில் தோட்டம் வாங்கி, அடிமைகளை வைத்து வேலை வாங்கியது. ஊழியத்துக்குப் பணம் வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அன்டனின் முகத்தை நினைத்துக்கொண்டு அந்தக் காரணத்தைப் படித்தால் அது நிற்காது.

தமிழ்ப் பக்கமாக இவர்கள் எடுத்த முதல் முயற்சி இலங்கையில். 1740ஐ ஒட்டி இரண்டு பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். டச்சு ஆட்சியாளர்கள் வெகுகாலம் விட்டுவைக்கவில்லை, வெளியேற்றிவிட்டார்கள்.

பிறகுதான் நிக்கோபார். 1756இல் டேனியர்கள் அந்தத் தீவுகளைத் தங்களுடையவை என்று அறிவித்துத் தங்கள் மன்னர் பிரெடரிக்கின் பெயரையும் சூட்டினார்கள். பெயர் சூட்டுவது எளிது, குடியிருப்பதுதான் முடியவில்லை. காய்ச்சல் ஆளை வாரிக்கொண்டு போயிற்று. அங்கே போய் உட்கார்ந்து, நிலத்தைத் திருத்தி, தீவு மக்களோடு இணக்கமாக வாழக்கூடியவர்கள் யார் என்று கோபன்ஹேகனில் யோசித்தபோது, கிரீன்லாந்தின் பனியில் தாக்குப்பிடித்த இந்தச் சகோதரர்களின் நினைவு வந்தது. சபை சம்மதித்தது. நிக்கோபாருக்குப் போகவர இடைத்தங்கலாகத் தரங்கம்பாடியில் ஒரு குடியிருப்பு வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

சீகன்பால்கின் ஊர் அல்லவா? உறவுக்காரர் வீட்டுக்கு வருவதுபோல்தான் வந்திருப்பார்கள். வாசலிலேயே முகம் சுளித்தது வீடு.

சீகன்பால்கு இறந்து 41 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழ் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. தமிழரான ஆரோன் 1733இலேயே போதகராக அபிஷேகம் பெற்றுப் பணியாற்றி மறைந்திருந்தார். ஹாலேயிலிருந்து வந்த மிஷனரி ஐயர்மார் புதியவர்களைக் கண்டு கலங்கினார்கள். அந்தக் கலக்கத்தைப் பொறாமை என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமில்லை. ஹாலேக்கும் ஹெர்ன்ஹூட்டுக்கும் இடையே பல ஆண்டுகளாகவே மனக்கசப்பு. மனந்திரும்புதல் என்றால் பாவத்தை எண்ணி உருகி, போராடி, படிப்படியாக வரவேண்டியது என்பது ஹாலேயின் போதனை. மீட்பரின் காயங்களை நோக்கிப் பார், குழந்தையைப் போல மகிழ்ச்சியாய் இரு என்றது ஹெர்ன்ஹூட். 1740களில் அந்த மகிழ்ச்சி வரம்பு மீறி, காயத்தையும் இரத்தத்தையும் பற்றிய பாட்டும் பேச்சுமாக எங்கோ போய்விட, சின்சென்டார்ஃபே இழுத்துப்பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. இதையெல்லாம் அறிந்த ஹாலே ஊழியர்களுக்கு, ஐம்பது ஆண்டுகளாகக் கஷ்டப்பட்டுச் சேர்த்த தமிழ்ச் சபை இரண்டுபட்டுவிடுமோ என்ற பயம் வந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் சகோதரர்கள். நீங்கள் வந்தது நிக்கோபாருக்கு, தமிழர்களிடம் உங்களுக்கு என்ன வேலை என்பதே அவர்களைச் சுற்றி எழுந்த கேள்வி. எந்த மேசையில் கேட்ட கதை அவர்களுடைய சபையைக் கடல் கடக்கச் செய்ததோ, அந்த மேசையைச் சேர்ந்தவர்களே தரங்கம்பாடியில் கதவைச் சாத்தினார்கள்.

நகரத்துக்கு வெளியே, ஒரு மைல் தொலைவில், நிலம் வாங்கிக் குடியேறினார்கள். வீடு கட்டினார்கள், பட்டறைகள் போட்டார்கள், பயிர் வைத்தார்கள். அந்த இடத்துக்குச் சகோதரர் தோட்டம் என்று பெயர் வந்தது. ஹெர்ன்ஹூட்டின் வாழ்க்கை முறையே அங்கும். பொது உழைப்பு, பொது வரும்படி, காலையிலும் மாலையிலும் கூடிப் பாடல். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேதவசனம் குறித்து வைத்த சிறு புத்தகம் ஹெர்ன்ஹூட்டில் 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகி வந்தது. கிரீன்லாந்தில் சீல் தோல் கூடாரத்தில் இருந்தவரும் பொறையாற்றுப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவரும் ஒரே நாளில் ஒரே வசனத்தைப் படித்தார்கள். ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடந்த ஒரு சின்னச் சபையைக் கட்டிவைத்த கயிறு அதுதான் என்பேன்.

நிக்கோபார் போகக் கப்பல் கிடைக்கவில்லை. தீவில் டேனியர் குடியிருப்பே கலைந்துகிடந்தது. காத்திருப்பு எட்டு ஆண்டுகள் நீடித்தது. 1768இல்தான் ஆறு சகோதரர்கள் நன்கௌரித் தீவில் போய் இறங்கினார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் நன்கௌரி ஒரு பொட்டு. அதற்கும் கமோர்ட்டாத் தீவுக்கும் நடுவே அமைதியான இயற்கைத் துறைமுகம். நீருக்கு மேல் கால்நட்டுக் கட்டிய வீடுகள், தென்னை, தாழை, பன்றி. அரிசியிலிருந்து ஆணிவரை தரங்கம்பாடியிலிருந்து வரவேண்டும். சகோதரர்கள் காட்டை வெட்டி வீடு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். விடாமல் காய்ச்சலில் விழுந்தார்கள். மலேரியா கொசுவால் வருகிறது என்று உலகம் அறிய இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. காட்டுக் காற்றில் நஞ்சிருக்கிறது என்றே நம்பினார்கள். வெட்டிய காடும் தேங்கிய நீருமாகத் தாங்கள் இருந்த இடமே நோயை வளர்த்திருக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அந்த வாழ்க்கையை நமக்குக் காட்டுகிறவர் ஹென்செல் என்ற சகோதரர். 1779இல் போனார்; சில ஆண்டுகள் அங்கே இருந்தார். பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய கடிதங்கள் 1812இல் லண்டனில் நூலாக வந்தன. ஒரு சிறு நூல்தான். நிக்கோபாரைப் பற்றி அந்தக் காலத்தில் உள்ளேயிருந்து எழுதியவர்கள் மிகக் குறைவு என்பதால் அதன் மதிப்புப் பெரிது.

அதில் ஓர் இரவு என் கண்ணைவிட்டு அகலாது. தீவைச் சுற்றி நடக்கும்போது பல தடவை இருட்டிவிடும். வீடு திரும்ப முடியாது. கடற்கரையில் நல்ல வெள்ளை மணலாகப் பார்த்து உடம்பளவுக்குக் குழி தோண்டி, உள்ளே படுத்து, கழுத்துவரை மணலை இழுத்து மூடிக்கொள்வாராம். தலை மட்டும் வெளியே. அவருடைய நாய் அவர் மேல் குறுக்கே படுத்துக்கொள்ளும். ஏதாவது அசைந்தால் குரல் கொடுக்கும். முதலை திறந்த கடற்கரைக்கு வராது, ஓடைகளில்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தொந்தரவு கொடுத்தவை நண்டு வகைகள்தாம். மணலில் ஊர்ந்து அவை எழுப்பும் சத்தத்தில் தூக்கம் கெடும். வேறு குறை சொல்லவில்லை. அப்படிப் படுத்து எழுந்ததால் உடம்புக்கு ஒன்றும் வந்ததில்லை என்றுதான் எழுதுகிறார்.

செலவைக் குறைக்க என்னவெல்லாமோ செய்தார்கள். சிப்பி, பூச்சி, பாம்பு என்று தீவில் கிடைத்தவற்றைச் சேர்த்துப் பதப்படுத்தித் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். இயற்கை ஆர்வலர்களிடம் அவற்றுக்கு விலை இருந்தது. ஹென்செல் அதில் தேர்ந்தவர். ஆனால் ஒரு கப்பல் வந்துபோகும் செலவுக்கு அது எந்த மூலைக்கு? போதாக்குறைக்குப் போர்க்காலம். பொருள் ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். டென்மார்க் நடுநிலை நாடு, எங்கள் கப்பலை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டும் பயனில்லை. தரங்கம்பாடித் தோட்டத்தின் உழைப்பெல்லாம் அந்தத் தீவு என்ற பள்ளத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது.

தீவு மக்கள் விரோதிகளாக இருக்கவில்லை. சகோதரர்கள் குடியிருந்த இடத்துக்கு நண்பர்களின் வீடு என்ற பொருளில் தங்கள் மொழியில் பெயர் வைத்திருந்தார்கள் என்று ஹென்செல் எழுதுகிறார். ஆனால் நற்செய்தி? அங்கேதான் எல்லாம் நின்றது. மொழி வசப்படவில்லை. மொழி ஓரளவு பிடிபடும்போது ஆள் காய்ச்சலில் போய்விடுவார். புதியவர் வந்து மறுபடி முதல் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் பட்ட பாடு மற்றவரின் பாவங்களைத் தீர்க்கும் என்று சொன்னபோது தீவு மக்களுக்கு அது நம்பும்படியாக இல்லை. நாங்கள் இயல்பிலேயே நல்லவர்கள், எங்களுக்கு எதற்கு மீட்பு என்றார்கள். அந்தப் பதிலை அறியாமை என்று தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தங்கள் கடலும் தென்னையும் தங்கள் பெரியவர்களும் தந்த அறிவில் நின்று, கேட்டதை அவர்கள் எடை போட்டிருக்கிறார்கள். கேட்காமலேயே தங்கள் தீவுக்கு வேறொரு மன்னரின் பெயரைச் சூட்டியவர்களின் கப்பலில் வந்த செய்தியை அவர்கள் தயங்கித்தான் வாங்கியிருப்பார்கள்.

ஒருவரும் திருமுழுக்குப் பெறவில்லை. 1787இல் தீவை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பொருள்களை ஒழித்து எடுத்துவர அனுப்பப்பட்டவர் ஹென்செல். நன்கௌரி மண்ணில் 11 சகோதரர்களைப் புதைத்திருந்தார்கள். தரங்கம்பாடி திரும்பிய கொஞ்ச காலத்திலேயே மேலும் 13 பேர் இறந்தார்கள்.

மொராவியக் கல்லறைத் தோட்டம் எப்படியிருக்கும் என்று இந்தத் தொடரில் முன்பே சொன்னேன். நிமிர்ந்த கல் கிடையாது. பிரபுவுக்கும் தச்சருக்கும் மண்ணோடு மண்ணாகப் படுத்த தட்டையான கல். சாவில் எல்லாரும் சமம் என்பதை எழுத்தில் சொல்லாமல் கல்லில் காட்டுகிற வழக்கம். நன்கௌரியில் அந்தக் கல்கூட இருந்திருக்குமா என்பது கேள்வி. புறப்படுமுன் ஹென்செல் அந்தக் கல்லறைகளின் அருகே போய் அழுதார். இந்த விதை ஒருநாள் பலன் தரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாக எழுதியிருக்கிறார்.

தரங்கம்பாடித் தோட்டம் இன்னும் பதினாறு ஆண்டுகள் ஓடியது. வங்கத்தில் சீராம்பூரில் ஒரு கிளை வைத்துப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. தமிழ் மக்களிடம் ஊழியம் செய்யும் வழி அடைபட்டே இருந்ததால் தோட்டம் ஒரு பட்டறையாகவே இருந்து தேய்ந்தது.

ஆனால் தேய்ந்த காலத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஹாலேயின் ஐயர்மாருக்கும் சகோதரர்களுக்கும் இடையே இருந்த கசப்பு காலப்போக்கில் தணிந்தது. தரங்கம்பாடி மிஷனரிகளில் சிலர் செடிகொடிகளில் ஆழ்ந்தவர்கள். பிற்காலத்தில் தமிழ் அகராதி தந்த ராட்லர் அவர்களில் ஒருவர். 1790களின் தொடக்கத்தில் சகோதரர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த இளைஞர் பெஞ்சமின் ஹைன் அந்தக் கூட்டத்தோடு பழகித் தாவரவியலில் இறங்கினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைக்குப் போய், பெங்களூர் லால்பாக்கின் தொடக்க காலத்தில் அதைக் கவனித்தார். 1819இல் சென்னையில் இறந்தார். வேதத்தைப் பற்றிப் பேசினால் மூண்டிருக்கக்கூடிய சண்டை, ஓர் இலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோது மூளவில்லை.

1795இல் சபை கணக்குப் பார்த்தது. தரங்கம்பாடியை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தது. 1803இல் தோட்டத்தில் எஞ்சியிருந்தவர்களும் கப்பலேறினார்கள். மொராவியர் மறுபடி இந்தியாவில் காலூன்ற அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தக் கதை இமயமலையில், லாகுலிலும் லடாக்கிலும் நடக்கிறது. அடுத்த பகுதியில் அங்கே போவோம்.

போகுமுன் நிக்கோபாரில் ஒரு கணம் நிற்க வேண்டும். ஹென்செல் கிளம்பி நூறு ஆண்டுக்கும் மேலான பிறகு, 1890களில், வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாரில் முஸ் கிராமத்துக்கு வந்தார். மொராவியரோடு அவருக்குச் சம்பந்தம் கிடையாது. ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். ஐரோப்பியர்கள் காலூன்ற முடியாமல் திரும்பிப்போன தீவுக் கூட்டத்தில் அவர் தங்கி, மொழியைக் கற்று, சிறுவர்களைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார். அப்படி அவரிடம் படித்த ஒரு நிக்கோபார்ச் சிறுவனின் பெயர் ஹா சேவ் கா. சாலமோன் அவனை மேற்படிப்புக்காகப் பர்மாவுக்கு, மாண்டலேக்கு அனுப்பிவைத்தார். அவன் ஜான் ரிச்சர்ட்சனாகத் திரும்பிவந்து, தன் மக்களின் மொழியில் வேதத்தை மொழிபெயர்ப்பதில் உழைத்து, 1950இல் நிக்கோபார் மக்களிலிருந்து எழுந்த முதல் பேராயரானார். இரண்டு ஆண்டுகளில் இந்திய நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார்.

(தொடரும்)